ஜன்னல்காரியின் உள்கதை

செத்துப்போனவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று என் அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான். மொத்தம் ஏழு அடையாளங்கள். நடந்தால் சத்தம் வராது. கண்ணாடியில் தெரியமாட்டார்கள். வாசலைத் தாண்டமாட்டார்கள். மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். எப்போதும் ஒரே நிறத்தில்தான் உடுத்துவார்கள். சுவரில் நாள் கணக்குக் கோடு போடுவார்கள். ஏழாவதுதான் முக்கியம்: தாங்கள் செத்துப்போனது அவர்களுக்கே தெரியாது. அந்த ஏழாவதின் அடியில் மட்டும் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்திருந்தான். அப்போது அவன் எட்டாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு படிக்கிற ஒருவன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம்.

அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, திருச்சிப் பக்கத்திலிருந்து நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த வருடம் அது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் ஒதுக்க நாலைந்து மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று புதுப்பட்டினம் பஜாருக்குப் பின்தெருவில் ஒரு பாய் வீட்டின் முன்பகுதியை அப்பா வாடகைக்குப் பிடித்தார். பின்பகுதியில் பாயும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவரைத் தெருவே பாயம்மா என்றுதான் கூப்பிட்டது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பாய்க்குப் பஜாரில் பாத்திரக் கடை. மாடியில் ஒரே ஒரு அறை, அதற்கு முன்னால் கொஞ்சம் மொட்டைமாடி. அந்த அறையில் அவர்களுடைய ஒரே மகள் இருந்தாள்.

சாமான் இறக்கிய அன்றே அம்மா எங்கள் இருவரையும் சமையலறையில் நிறுத்திச் சட்டம் போட்டாள். அண்ணன் மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது. அப்பாவும் வைக்கமாட்டார். நான் மட்டும் போகலாம், அதுவும் பாயம்மா சொன்னால். டிவி பார்க்கலாம், ஆனால் சத்தம் அறவே கூடாது. ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, "மேல அக்கா இத்தா இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி டப்பாவைத் தேடப் போய்விட்டாள்.

இத்தா என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கு அது அம்மை மாதிரி ஒரு வியாதி என்று பட்டது. அம்மை போட்டவர்களையும் இப்படித்தான் தனி அறையில் வைத்து, கண்டவர்களை உள்ளே விடமாட்டார்கள். அண்ணன், இல்லை, அது ஒரு பரீட்சை என்றான். சி.ஏ. மாதிரி, ஐ.ஏ.எஸ். மாதிரி இத்தா, கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் படிக்கவேண்டும், அதனால்தான் டிவி சத்தம் கூடாது என்று விளக்கினான். ஒரு வாரம் அதையும் நம்பினேன். போதாக்குறைக்குப் பாயம்மா வேறு. மூட்டு வலியால் படி ஏற முடியாத அவர், சோற்றுத் தட்டை என் கையில் கொடுத்து, "பாப்பா, இத்த மேல குட்த்துட்டு வா" என்பார். ஒருவேளை இந்தத் தட்டுக்குப் பெயர்தான் இத்தாவோ என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டு படி ஏறுவேன்.

இன்றைக்கு எனக்குத் தெரியும். கணவன் இறந்தபின் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், நகையும் பூவும் இல்லாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதற்குப் பெயர் இத்தா. பாயின் மருமகன் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். அதில் இரண்டு பேரும் சேர்ந்திருந்தது இரண்டு மாதம். இதெல்லாம் நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் நாங்கள் குடிவந்தோம். தெருவுக்கே தெரிந்த சங்கதி எங்கள் இருவருக்கு மட்டும் தெரியாது. மறைக்கவேண்டும் என்று யாரும் மறைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளிடம் சாவைப் பற்றி எதற்கு என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

குடிவந்த இரண்டாவது வாரம் யாரோ ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நீல நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பெட்டி. பாயும் பாயம்மாவும் அதைக் கூடத்தில் வைத்துப் பிரிப்பதை நானும் அண்ணனும் கதவருகில் நின்று பார்த்தோம். நாலைந்து சட்டைகள், ஒரு கைலி, தொழுகை விரிப்பு, ஷேவிங் செட், பாதி தீர்ந்த பவுடர் டப்பா. பாயம்மா ஒரு சட்டையை எடுத்து மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தோம், ஆனால் எங்கள் கண் பெட்டியின் அடியில் இருந்தது. அங்கே ஒரு துண்டில் சுற்றி ஒரு வீடியோ கேம் பெட்டியும் மூன்று சிடிக்களும் இருந்தன. அண்ணன் என் தோளை நசுக்கினான்.

பாய் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாபா, டிவில மாட்றதா?"

அண்ணன் தலையை ஆட்டினான். பாய் ஒரு நிமிடம் மாடிப் பக்கம் பார்த்தார். பிறகு, "எட்துகினு போ. இந்த வூட்ல யாரு கீறாங்க வெளயாட" என்று நீட்டினார். அவர் குரல் ஏன் அப்படிக் கம்மியது என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்? திருப்பிக் கேட்டுவிடப் போகிறார் என்று ஓடினோம். மேலே போனால் கேம் பெட்டி பற்றி மூச்சு விடக்கூடாது என்று அண்ணன் என்னிடம் சாமி சத்தியம் வாங்கிக்கொண்டான்.

பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர்கள். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அம்மாவின் சட்டப்படி மஞ்சளை மட்டும் மாட்டினான். மற்ற இரண்டும் டிவிக்குப் பின்னால் தொங்கின. ஒரு வாரத்தில் அவை தொங்குவதே எங்களுக்கு மறந்துபோனது.

சிடிக்களின் மேல் எல்லாம் ஜப்பான் எழுத்து. எங்களால் படிக்க முடிந்தது ஒன்று, இரண்டு, நாலு என்ற எண்களை மட்டும்தான். மூன்றாவது பாகம் இல்லை. கதை இதுதான்: கடலோரத்தில் நாலு மாடியில் ஒரு பழைய வீடு, பக்கத்தில் ஒரு கலங்கரை விளக்கம். கையில் லாந்தர் விளக்கோடு ஒருத்தன் அந்த வீட்டுக்குள் அறை அறையாகப் போகிறான். அவன் முதுகு மட்டும்தான் தெரியும். மேல் மாடி ஜன்னலில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நிற்பாள். வாய் அசையும். கிட்டே போனால் இருக்கமாட்டாள். திரும்பினால் பின்னால் நிற்பாள். நாங்கள் அவளுக்கு ஜன்னல்காரி என்று பெயர் வைத்தோம். முதல் முறை அவளைப் பார்த்தபோது நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

முதல் நாளே ஒன்று நடந்தது. விளையாட்டை விட்ட இடத்தில் சேமித்து வைக்க ஒரு சின்ன கார்டு உண்டு. அதில் இடம் இல்லை என்பதுபோல் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. ஏற்கெனவே அதில் மூன்று வரிகள் இருந்தன. "பழசு ஏதோ குப்பை" என்றான் அண்ணன். அதுவரைக்கும் என்னை ஒரு பொத்தானைக்கூடத் தொட விடவில்லை என்று நான் அழுதுகொண்டிருந்ததால், சமாதானத்துக்காக அந்த வேலையை எனக்குக் கொடுத்தான். நான் அழுத்தினேன். ஒரு வரி போனது. இன்னும் இரண்டு முறை அழுத்தினேன். மூன்றும் போய் இடம் கிடைத்தது. எனக்கும் ஒரு பொறுப்பு கொடுத்தார்களே என்று அன்றைக்கு முழுக்கப் பெருமையாக இருந்தது.

அண்ணனின் வகுப்பில் டவுன்ஷிப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வீட்டில் இன்டர்நெட் உண்டு. ஜன்னல்காரியைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, பிரிண்டவுட் எடுத்துச் சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு வந்தான். அதிலிருந்து அவன் பெயரே பிரிண்டவுட் ஆகிவிட்டது. அந்தக் காகிதங்களில் தியரி, தியரி என்று இருந்ததை அண்ணன் உள்கதை என்று தமிழ்ப்படுத்தினான். வெளியே தெரிகிற கதை ஒன்று. அதற்குள்ளே ஒளித்து வைத்த கதை வேறொன்று. அதைத் துப்புத் துலக்குகிறவன்தான் உண்மையான ஆட்டக்காரன். இப்படி ஒரு பெரிய விஷயம் உலகத்தில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தலை சுற்றியது.

அந்தக் காகிதங்களின்படி மூன்று உள்கதைகள் இருந்தன. ஜன்னல்காரி செத்தவள், அவளுக்கே அது தெரியாது என்பது ஒன்று. செத்தது லாந்தர்க்காரன், அவள் உயிரோடு காத்திருக்கிறாள் என்பது இன்னொன்று. வீடே ஒரு குழந்தையின் கனவு என்பது மூன்றாவது. கனவு என்றதும் அண்ணன் கையை வீசி ஒதுக்கிவிட்டான். இரண்டாவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "வெளாட்றவனே செத்துட்டா அப்பறம் கேம் எப்படி மச்சான் ஓடும்?" புதுப்பட்டினம் பேச்சு அவனுக்கு இரண்டே வாரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதற்காக அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆக முதல் உள்கதை வென்றது. அதற்கு அண்ணன் வைத்த பெரிய ஆதாரம், அவள் நடந்தால் சத்தம் வருவதில்லை, வாய் அசைந்தும் குரல் வருவதில்லை என்பது. வெள்ளைக்காரர்களின் காகிதத்தில் ஏதோ குரல், மணியோசை என்று எழுதியிருந்ததைப் பிரிண்டவுட் சுட்டிக்காட்டினான். "அவங்க சிடி வேற, நம்ம சிடி வேற. சத்தம் இல்லாததுதான் க்ளூ" என்று அண்ணன் அடித்துச் சொன்னான். டிவிக்குப் பின்னால் சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் தம் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனபோது, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தில் யாரையும் ஏற விடவில்லை. கேமிலும் கலங்கரை விளக்கம் பூட்டித்தான் கிடக்கிறது என்று சொல்லி, அண்ணன் அது நிற்கிற பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். எல்லோரும் சிற்பம் பார்க்க, நாங்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இதற்கு நடுவே நான் தினமும் மாடிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழே யாரும் என்னோடு அவ்வளவு பேசுவதில்லை. பஜாரில் இன்றைக்கு என்ன மீன் வந்தது, எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டதா, ஸ்கூல் பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன், எல்லாம் கேட்பாள். நான் பாதி நிஜமும் பாதி கைச்சரக்குமாகச் சொல்வேன். என் தலையை வாரி இறுக்கிப் பின்னிவிடுவாள். அவள் தலை மட்டும் எப்போதும் அள்ளிச் செருகியபடி இருக்கும். "நேத்து வரவே இல்ல நீ. எனக்குப் பொழுதே போவல தெரியுமா" என்பாள் சில நாள். இருபத்திரண்டு வயது இருக்கும் அவளுக்கு. ஒரு நாலாம் வகுப்புப் பெண்ணிடம் அப்படிக் கேட்கிற அளவுக்கு அந்த அறையில் பகல் நீளமாக இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கீழே வந்ததும் அண்ணன் விசாரிப்பான். அவனும் அப்பாவும் பார்க்க முடியாத ஓர் அறைக்குள் நான் போய்வருகிறேன் என்பதே எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனத்தைக் கொடுத்திருந்தது. அதனால் ஒன்று விடாமல் சொன்னேன். எப்போதும் வெள்ளைப் புடவைதான். வளையல், கொலுசு எதுவும் இல்லை, நடந்தால் சத்தமே வராது. பீரோக் கண்ணாடி மேல் ஒரு துப்பட்டியைப் போர்த்திக் கட்டியிருக்கிறது. படி இறங்குவதே இல்லை. தனியாகத்தான் சாப்பிடுகிறாள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

கோடு என்றதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். நோட்டைப் பிரித்தான். ஆறு அடையாளங்களுக்கும் நேராக ஒவ்வொரு டிக் போட்டான். பிரிண்டவுட் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான், பிறகு வீட்டில் தேடுவார்கள் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப்பின் அவன் தெரு முனையோடு நின்றுவிடுவான். பெல் அடித்து அண்ணனைக் கூப்பிடுவான்.

அன்றைக்கு எனக்கு வந்தது பயமா குழப்பமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கைகள்தானே காலையில் எனக்கு ரிப்பன் கட்டின? கை வெதுவெதுப்பாகத்தானே இருந்தது? அதைச் சொன்னேன். "அவங்களுக்கே தெரியாதுன்னு ஏழாவதுல போட்டிருக்கேன்ல, லூசு" என்றான் அண்ணன். ஏழாவதின் அடியில் இரண்டு கோடு இருந்தது.

மறுநாளிலிருந்து மாடிக்குப் போவதை நிறுத்தினேன். பாயம்மா கூப்பிட்டால் வயிற்று வலி. அடுத்த நாள் வீட்டுப்பாடம். அதற்கு அடுத்த நாள் கால் சுளுக்கு. பாவம் பாயம்மா, ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து ஏறி அவரே தட்டைக் கொண்டுபோனார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். வாய் அசைந்தது, அந்தத் தூரத்துக்குக் குரல் கேட்கவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு ஓடி வீட்டுக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாயம்மா வாசலுக்கே வந்து அம்மாவிடம் கேட்டார். "பாப்பாக்கு எங்க பொண்ணு மேல இன்னா கோவம்? அது சரியாவே துன்ன மாட்டேங்குது. பாப்பா வர்ல, பாப்பா வர்லன்னு சொல்லிகினே கீது."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வயிற்று வலி, கால் சுளுக்கு எல்லாம் பறந்துபோயின. "அந்தப் பொண்ணுக்கு நீ ஒருத்திதான்டி பேச்சுத்துணை" என்று சொல்லி, சுடச்சுடக் கொழுக்கட்டை நாலை ஒரு தட்டில் வைத்து என் கையில் திணித்தாள். படி வரைக்கும் அண்ணன் கூட வந்தான். அவனுக்கும் முகம் வெளுத்திருந்தது. வெள்ளைக்காரர்களின் உள்கதைப்படி ஜன்னல்காரியிடம் யாராவது ஒருவர் உண்மையை எடுத்துச் சொல்லிவிட்டால் அவளுக்கு விடுதலை கிடைத்துவிடும், யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள் என்று ரகசியமாகச் சொன்னான். அதனால் பதமாகக் கேட்டுவிடு என்றான். பதமாக எப்படிக் கேட்பது என்று அவன் சொல்லித்தரவில்லை.

மேலே அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகம் அப்படியே மலர்ந்தது. "வந்துட்டியா! இன்னா பாப்பா, அக்காகிட்ட காயா?" என்று கேட்டாள். நான் தட்டை நடுத்தரையில் வைத்துவிட்டு, கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடியபடி கேட்டேன்.

"அக்கா, நீங்க செத்துட்டீங்களா?"

கண்ணைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். கீழே பாயம்மா, "யா அல்லா, இன்னா ஆச்சு" என்று கத்துவது கேட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். என் தோள் நனைந்தது.

"நான் இல்ல பாப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள். "நான் இல்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படிக்குக் கீழே நின்ற அண்ணனிடம் இறங்கி வந்து சொன்னேன்: அவங்க இல்லையாம். அண்ணன் பெரிய மூச்சாக விட்டுவிட்டு நோட்டை எடுத்து ஆறு டிக்கையும் குறுக்கே கோடிட்டு அடித்தான். உள்கதை உள்கதை என்று ஒரு மாதமாகத் துப்புத் துலக்கிய எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும், அப்படியானால் வேறு யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப்பின் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் மாடிக்குப் போனேன். சுவரில் கோடுகள் கூடிக்கொண்டே வந்தன. ஒரு நாள் காலையில் செங்கல்பட்டிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, புதுப்புடவை கட்டி, அக்காவைக் கீழே அழைத்துவந்தார்கள். பச்சைப் புடவை. வெயில் கூசியதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றாள். நான் என்னவோ அவள் பரீட்சை பாஸாகிவிட்டாள் என்பதுபோல் கை தட்டினேன். ஒரு கிழவி என்னை முறைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, சாயங்கால வேளையில், அம்மாவோடு பேச அக்கா எங்கள் பகுதிக்கு வந்தாள். நாங்கள் கேமில் இருந்தோம். பேசிக்கொண்டே உள்ளே வந்தவள் டிவிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது இங்கியா கீது?" என்று கேட்டாள். கோபம் இல்லை. தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவர் போன் செய்வார் என்றாள். பேச வேறு என்ன இருக்கிறது, இந்த விளையாட்டைத்தான் சொல்லுவாராம். ஒரு கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது, லீவில் வரும்போது பெட்டியைக் கொண்டுவருகிறேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து திறப்போம் என்பாராம். சொல்லிவிட்டு அண்ணனிடம் கேட்டாள்: "அவர் வெளாண்டது இதுல அப்படியே இருக்கும்னாரு. எங்க நின்னுகினு கீறாரு, காட்டேன்."

சிவப்பு எழுத்தும், ஒவ்வொன்றாக மறைந்த மூன்று வரிகளும் ஞாபகம் வந்தன. அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது கண்டுபிடித்தால் உடனே துள்ளிக் குதித்து நோட்டைத் தேடுகிறவன், அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு நாங்கள் முந்தைய நாள் சேமித்து வைத்திருந்த எங்கள் ஆட்டத்தைத் திறந்தான். லாந்தர்க்காரன் ஒரு கதவுக்கு முன்னால் முதுகு காட்டி நின்றான்.

"இங்கதான்க்கா" என்றான்.

அக்கா திரைக்குக் கிட்டே நகர்ந்தாள். "இது எத்தினியாவது மாடி?"

"முதல் மாடி."

"மூணாவதுல நிக்கறேன்னாரே."

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்கா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரலால் அதைத் தொட்டாள்.

"சரி. அப்ப எறங்கி வந்துருப்பாரு" என்றாள்.

பிறகு, சத்தம் வராதா என்று கேட்டாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, வை என்று கையைக் காட்டினாள். அண்ணன் டிவிக்குப் பின்னால் கையை விட்டுச் சிவப்பையும் வெள்ளையையும் மாட்டினான். கடல் இரைந்தது. அத்தனை நாளும் நாங்கள் பார்த்த வீட்டில் கடல் இரைந்துகொண்டே இருந்திருக்கிறது. மேலே எங்கேயோ ஜன்னல்காரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சொல், திரும்பத் திரும்ப. என்ன சொல் என்று எங்களுக்குத் தெரியவில்லை; பெயராக இருக்கலாம். அண்ணன் கதவுப் பக்கம் ஆளை நகர்த்தப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்பா. அப்படியே நிக்கட்டும்."

அடுத்த மாதம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. கேம் பெட்டியை அண்ணனே துண்டில் சுற்றி எடுத்துப்போய்ப் பாயிடம் கொடுத்தான். அம்மா சொல்லவில்லை, அவனாகத்தான் கொடுத்தான். சாமான் ஏற்றிய வேன் கிளம்பியபோது அக்கா மாடி ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். எனக்கு ஒரே சந்தோஷம். அழித்தது நான்தான் என்பதை அவள் கண்டுபிடிக்கவே இல்லை, பொய் நன்றாகப் பலித்துவிட்டது.

"அக்கா நம்பிட்டாங்கல்ல?" என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எட்டிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தான். இனிமேல் விளையாட கேம் இல்லையே என்றுதான் அழுகிறான் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. வழியில் தின்ன அம்மா கொடுத்திருந்த பிஸ்கட்டில் என் பங்கையும் எடுத்து அவன் கையில் வைத்தேன்.